மாமாவின் காலும் என் கையெழுத்தும்

அக்கா,

நேற்றுக் காலை உன் மகள் வந்திருந்தாள். உன் காரியம் முடிந்து இருபது நாள்தான் ஆகிறது. அதற்குள் பெண் பாதியாக இளைத்துவிட்டாள். காபி போடச் சொன்னேன், வேண்டாம் என்றாள். பையிலிருந்து ஒரு சின்னச் சுருக்குப்பையை எடுத்து மேசைமேல் வைத்து, "அம்மா பொட்டிக்குள்ள இருந்துச்சு மாமா. நான் பூட்டேன்னா இத்த தபாலுகிட்ட குட்த்துடுன்னு சொல்லிகினே இருந்துச்சு" என்றாள். தபால்காரனான என்னை நீ கூப்பிடும் பேரிலேயே சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உடனே கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகுதான் அந்த வாடை கிளம்பியது. பனிச்சங்காய்ச் சாறு. பருத்தி வலை உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க, காயை இடித்து அண்டா அண்டாவாக ஊறவைத்து அதில் வலையை முக்கி எடுப்பீர்களே, அந்தப் புளித்துப்போன துவர்ப்பு வாடை. இப்போது நைலான் வலை வந்துவிட்டது, யாரும் சாயம் போடுவதில்லை. உன் பை மட்டும் இத்தனை வருடம் கழித்தும் அப்படியே நாறுகிறது. என் பெண்டாட்டி எட்டிப் பார்த்து, "இன்னா கருமம் அது?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பையின் கயிறு இறுக்கமாக முடிச்சுப் போட்டிருக்கிறது. இன்னும் அவிழ்க்கவில்லை. பயமாக இருக்கிறது அக்கா, வேறென்ன. உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அதை மறைக்க இன்னொன்று சொன்னேன். நீ உயிரோடு இருந்தவரைக்கும் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. முதலில் அதை எழுதி முடித்துவிட்டு அப்புறம் பையைப் பிரிக்கிறேன்.

யுத்தக் காலம் உனக்கு மறந்திருக்காது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ராயபுரமே பாதி காலியாகி, பிறகு மெல்லத் திரும்பி வந்திருந்த நேரம். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. வெள்ளி ரூபாயைக் கண்ணால் பார்க்க முடியாது. கிடைத்தவன் எல்லாம் பானையில் போட்டுப் புதைத்துவிட்டான். சில்லறை இல்லாமல் கடைக்காரர்கள் தபால்தலையைக் கிழித்து மீதியாகக் கொடுத்தார்கள். அந்த லட்சணத்தில்தான் எங்கள் போஸ்ட்மாஸ்டர் தபால்காரர்களைக் கூப்பிட்டு நிற்கவைத்து, ஒவ்வொருவனும் அவனவன் தபால் கொடுக்கும் பீட்டில் சர்க்கார் சேமிப்புப் பத்திரம் விற்றாக வேண்டும் என்றார். இன்று நூறு ரூபாய் கொடுத்தால் பன்னிரண்டு வருடம் கழித்து நூற்றைம்பதாகத் திரும்பி வரும். விற்காதவனை முகத்துவாரக்குப்பம் பக்கம் மாற்றிவிடுவதாகவும் சொன்னார். அங்கே கொதிக்கிற மணலில் நாளெல்லாம் நடக்க வேண்டும். என் பெண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள்.

யார் வாங்குவார்கள், சொல்? குப்பத்தில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பு. "கையில கீற துட்ட புடுங்கிகினு காயிதத்த குட்க்க வந்துட்டான்டா" என்று கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். "வெள்ளக்காரன் கப்பல் ஏறிட்டான்னா எவன்கிட்ட போயி கேக்கறது? உன் தபால் பையில கை வுட்டு எட்த்துக்கவா?" என்று ஒருவர் கேட்டார். வண்ணாரப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்த பாய் மட்டும் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார், பத்திரத்திலிருந்த ராஜா படத்தைத் தொட்டுக் காட்டினார். "தம்பி, பன்னெண்டு வருசம் கழிச்சு இந்த ராஜா தலை செல்லுமான்னு அந்த ராஜாவுக்கே தெரியாது" என்றார். அவர் சொல்வது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அதை வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்கு, உன் வீட்டுக்காரருக்கு, கால் போனது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது சங்கிலி அறுந்து மரப்பெட்டி ஒன்று அவர் முட்டிமேல் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒற்றைக் காலோடு திரும்பிவந்தார். காண்டிராக்டர் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து ரேகை வாங்கிக்கொண்டு கழன்றுகொண்டான். மறுநாளே கருவாட்டு மண்டிக்காரர் உன் வாசலில் வந்து நின்றார், பணத்தைத் தன்னிடம் போட்டால் மாதாமாதம் வட்டி தருவதாக. சொந்தக்காரர்கள் நகை வாங்கு, நகை வாங்கு என்று காதைக் கடித்தார்கள். நீ ஒருத்தர் பேச்சையும் கேட்காமல், கல்மண்டபத்தில் மீன் விற்றுவிட்டு வரும் வழியில் என் சைக்கிளை மறித்தாய். தலையிலிருந்த கூடையைக்கூட இறக்கவில்லை.

"தபாலு, மெய்யா சொல்லு. அந்தக் காயிதம் நெசமா துட்டு தருமா?"

"தரும்க்கா. சர்க்கார் குட்க்கறது."

"சர்க்கார வுடு. நீ வாங்கிகீறியா?"

நான் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "வாங்காம இன்னாக்கா? வூட்ல கீது, எறநூறு ரூபாய்க்கு" என்றேன்.

பொய் அக்கா. நான் ஒரு பத்து ரூபாய்ப் பத்திரம்கூட வாங்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் என் பாஸ்புக்கில் இருந்த பணம் முழுவதையும் எடுத்து, ஆசாரியிடம் போய் என் பெண்டாட்டிக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கியிருந்தேன். ஊருக்கெல்லாம் காகிதத்தை விற்றுவிட்டு என் வீட்டில் பொன்னை வைத்துக்கொண்டவன் நான். நீ என் முகத்தைப் பார்த்தாய். "நீயே வாங்கிகினேன்னா அப்பால இன்னா பயம். ஆனா ஒன்னு தபாலு, இது வெறும் துட்டு இல்ல. என் வூட்டுக்காரு காலு. பத்தரம்" என்றாய். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உன்னை ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

அன்று நீ வைத்த ரேகை இன்னும் கண்முன் நிற்கிறது. மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தேய்த்து, காகிதமே நொறுங்கிவிடும்போல அழுத்தினாய். சுழி சுழியாக அத்தனை தெளிவாக விழுந்தது. போஸ்ட்மாஸ்டரே, "இந்தம்மா ரேகையை மாதிரிக்கு மாட்டி வைக்கலாம்யா" என்று சிரித்தார்.

அதற்கப்புறம் நான் உன் வாசலைக் கடக்கும்போதெல்லாம் மாமாவின் கிண்டல்தான். படகு மரத்துண்டு ஒன்றின்மேல் குந்திக்கொண்டு, "இன்னா தபாலு, சர்க்காரு கிட்ட என் காலு சௌக்கியமா கீதா?" என்பார். வட்டி சேரும் என்று நான் விளக்கிச் சொன்ன பிறகு, "காலு குட்டி போட்ச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். நானும் சிரித்துக்கொண்டே, "இன்னும் மாசமாதான் கீது மாமா" என்பேன். சொல்லிவிட்டு அவசரமாகச் சைக்கிளை மிதிப்பேன்.

பிறகு சுதந்திரம் வந்தது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடேயே குப்பத்தில் ஒரு பேச்சுக் கிளம்பியது: ராஜா தலை போட்ட பத்திரம் இனிமேல் செல்லாதாம், வெள்ளைக்காரன் கஜானாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டானாம். எவன் கிளப்பினானோ தெரியாது. ஆபீஸ் வாசலில் அடிதடி. வாங்கின கொஞ்சம் பேரும், வட்டி போனால் போகட்டும், போட்டது வந்தால் போதும் என்று பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். புதுச் சர்க்கார் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "நீ சம்பளம் வாங்கிகினு கத்தற, நாங்க இன்னாத்துக்கு கத்தறோம்னு உனக்கு இன்னா தெரியும்?" என்று ஒரு அம்மாள் என் சட்டையையே பிடித்தாள்.

வரிசையில் நீ மட்டும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, சாயங்காலம் வீட்டுக்கே வந்தேன். நீ மீன் குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாய்.

"நீ வர்லியாக்கா?"

"நா எத்துக்கு வர்றது? நீயும்தான் வச்சிகினு கீற. நீ போயி மாத்திகினியா?"

"இல்ல."

"அப்பால இன்னா? குந்து." கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாய். "என் காயிதத்த பாரு. உப்புக்காத்து, மழ, கரப்பான்பூச்சி ஒன்னியும் கிட்ட வராது. பன்னெண்டு வருசம் இன்னா, இருவது வருசம் தாங்கும்" என்று பெருமையாக இந்தப் பையை என் கையில் கொடுத்தாய்.

பிரித்தேன். உள்ளே பத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கருப்பட்டி வில்லை மாதிரி இருந்தன. ராஜா தலை இல்லை, எண் இல்லை, தேதி இல்லை. வலைக்கு வைத்த பனிச்சங்காய்ச் சாயத்தில் பத்திரங்களையும், அதை வைக்கிற பையையும் இரண்டு முக்கு முக்கி, நிழலில் காயவைத்து எடுத்திருக்கிறாய்! "அடிப்பாவி! இன்னாக்கா பண்ணிட்ட!" என்று அலறிவிட்டேன். மாமா மரத்துண்டிலிருந்து எழுந்திருக்கப்போய்ச் சறுக்கி விழுந்தார்.

"வலையே அதுலதான் தாங்குது. காயிதம் தாங்காதா?" என்று நீ கேட்டாய். வில்லையை என் கையிலிருந்து வாங்கி, அதன் ஓரத்தை நகத்தால் பிரிக்கப் பார்த்தாய்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? உப்புக்காற்றில் இரும்பே உதிர்கிற ஊரில் ஒரு பொருளைக் காப்பாற்ற உங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பத்திரத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரே அதை எப்போது தூக்கி எறியலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அது கெட்டுப்போகக் கூடாது என்று கவலைப்பட்டது நீ ஒருத்திதான்.

மறுநாள் போஸ்ட்மாஸ்டர் அந்த வில்லையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. ரிஜிஸ்தரில் உன் ரேகை இருக்கிறது, எண் இருக்கிறது, மாற்றுப் பத்திரம் கிடைக்கும் என்றார். ஆனால் பின்னால் வேறு யாராவது உரிமை கொண்டாடி வந்தால் பொறுப்பேற்க, சொத்துள்ள ஆள் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு வருடம் முடிகிறவரைக்கும் அந்த ஜாமீன் நிற்கும். அதற்கு நிரப்ப வேண்டிய அச்சுப் பாரம் பெரிய தபாலாபீசில் கிடைக்கும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நீ சீட்டை வாங்கிக்கொண்டு நகரவில்லை.

"சாமி, ஒன்னு கேக்கறேன். நா சர்க்கார நம்பி துட்டு குட்த்தேனே, அப்ப சர்க்காரு எனக்கு எவனையாவது ஜாமீன் வச்சுதா? இப்ப அது என்னிய நம்பறதுக்கு மட்டும் ஆளு வேணுமா?"

அவர் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து எதையோ எழுத ஆரம்பித்தார். நீ போன பிறகு என்னைப் பார்த்து, "ஏன்யா, சொத்து இல்லாவிட்டாலும் சர்க்கார் சம்பளக்காரன் போடலாம். நீயே போடேன்" என்றார்.

போடலாம்தான். எனக்கும் அந்த விதி தெரியும். ஆனால் அந்தப் பாரத்தில் ஜாமீன்தாரரின் சொத்து விவரம் என்று ஒரு கட்டம் உண்டு. நகை எவ்வளவு, சேமிப்புப் பத்திரம் எவ்வளவு என்று குமாஸ்தா சத்தமாகப் படித்துக் கேட்டுப் பூர்த்தி செய்வார். நீ பக்கத்திலேயே நிற்பாய். பத்திரம் ஒன்றுகூட இல்லை என்பது உனக்குத் தெரிந்துவிடும். ஏதாவது வில்லங்கம் வந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயமும் இருந்தது. இரண்டு நாள் இந்த நினைப்பிலேயே கிடந்தேன்.

மூன்றாம் நாள் நீ வந்தாய். பெரிய ஆபீசுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தாய், முகமெல்லாம் வேர்வை. இடுப்பில் செருகியிருந்த எதையோ எடுக்கக் கை போனது. நீ கேட்பதற்கு முன்னாலேயே நான் முந்திக்கொண்டேன். "அக்கா, நானே போட்டிருப்பேன். எங்க தபால் ஆளுங்க ஜாமீன் போடக்கூடாதுன்னு ரூலு" என்றேன்.

உன் கை இடுப்பிலேயே நின்றது. "அப்டியா" என்றாய். பிறகு, "ரூலுன்னா நீ இன்னா பண்ணுவ, பாவம்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாய்.

கடைசியில் கையெழுத்துப் போட்டது கருவாட்டு மண்டிக்காரர். சும்மா போடுவாரா? ஜாமீன் நிற்கிறவரைக்கும் நீ கூடை தூக்கக் கூடாது, அவர் கொட்டகையில் மீனுக்கு உப்புத் தடவ வேண்டும், அவர் கொடுப்பதுதான் கூலி. எட்டு வருடம் அக்கா! கல்மண்டபத்தில் உன் குரல் கேட்டால்தான் மற்றவர்கள் விலையைக் குறைப்பார்கள் என்று பேர் வாங்கியவள், ஈ மொய்க்கும் கொட்டகையில் குனிந்த தலை நிமிராமல் உப்பு அள்ளினாய். மண்டிக்குத் தபால் கொண்டுவரும்போது நான் உன் கையைத்தான் முதலில் பார்ப்பேன். வெடித்து, வெளுத்து, சில நாள் துணி சுற்றியிருக்கும். "இன்னாக்கா இது" என்றால், "உப்புதானே, ஆறிடும். உன் பத்தரம் எப்டி கீது?" என்று கேட்பாய். நான் நன்றாக இருக்கிறது என்பேன்.

பன்னிரண்டு வருடம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது மாமா போய்விட்டார். காய்ச்சலில் படுத்திருந்தவரைப் பார்க்க வந்தேன். "என் காலு எப்போ வரும் தபாலு?" என்று கேட்டார். "ஆடி மாசம் மாமா" என்றேன். "வந்தா அவகிட்ட குட்த்துடு, எனக்கு இனிமே எதுக்கு" என்று சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அன்றைக்கு உன் வீட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அழுதேன்.

ஆடி மாதம் நீ ஆபீசுக்கு வந்தாய். குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தினார். நீ பழையபடி அழுத்தி ரேகை வைத்தாய். விழுந்தது வெறும் மைத் திட்டு. விரலை மண்ணெண்ணெயில் கழுவி, தேய்த்து, மூன்று தடவை வைக்கச் சொன்னார்கள். ஒரு கோடுகூட இல்லை. அன்றைக்கு மாதிரிக்கு மாட்டி வைக்கலாம் என்ற ரேகையை எட்டு வருட உப்பு அரித்துத் தின்றுவிட்டது. காகிதத்தைச் சாயம் போட்டுக் காப்பாற்றத் தெரிந்தவளுக்குத் தன் விரலைக் காப்பாற்றத் தெரியவில்லை. குமாஸ்தா, இந்தம்மாவைத் தெரிந்தவர் யாராவது சாட்சி போட்டால்தான் பணம் தர முடியும் என்றார். நான் ஓடிப்போய்ப் போட்டேன். என் கை அவ்வளவு வேகமாக என்றைக்கும் எழுதியதில்லை.

நீ என் கையெழுத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "இன்னா தபாலு, ரூலு மாறிப்போச்சா?" என்றாய்.

"ஆமாக்கா. மாறிட்ச்சு" என்றேன். அதுவும் பொய்.

"நல்லதுதான்" என்றாய்.

சர்க்கார் சொன்ன சொல் தவறவில்லை, எழுநூற்றைம்பதும் வந்தது. வெளியே வந்து முந்தானையில் முடிந்துகொண்டே, "அன்னிக்கு ஐநூறுக்கு ஒரு வூடே வாங்கலாம். இன்னிக்கு எழுநூத்தம்பதுக்கு கூரதான் வரும்" என்று சிரித்தாய். சொன்னபடியே கூரைக்கு ஓடு போட்டாய். திரும்பவும் கூடையைத் தூக்கிக்கொண்டு கல்மண்டபத்துக்குப் போனாய். குப்பத்தில் போய், தபாலு சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான், அவன் சொன்னால் நம்பி வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொன்னாய். உன் பேச்சைக் கேட்டுப் பொம்பளைகள் வரிசையில் வந்து பத்திரம் வாங்கினார்கள். எனக்கு ஆபீசில் பாராட்டு. வெள்ளிக்கிழமை தோறும் என் வீட்டு வாசலில் வஞ்சிரமோ கானாங்கெளுத்தியோ வைத்துவிட்டுப் போவாய், காசு வாங்க மாட்டாய். அந்த மீன் எனக்கு எப்படித் தொண்டையில் இறங்கியது என்று கேள். முள் இல்லாத மீனுக்குக்கூடத் திணறியிருக்கிறேன்.

இதுதான் அக்கா நான் சொல்லாதது. எழுதி முடித்துவிட்டேன். இப்போது பேனாவை வைத்துவிட்டுப் பையைப் பிரிக்கிறேன்.

பிரித்துவிட்டேன்.

உள்ளே ஒரே ஒரு காகிதம்தான். நாலாக மடித்தது. சாயம் போடாததால் மடிப்பில் கிழிந்து, பழுப்பேறி, பொடியாக உதிர்கிறது. ஜாமீன் பாரம். நீ மண்டிக்காரரிடம் கொடுத்தது அல்ல, முதன்முதலாகப் பெரிய ஆபீசில் வாங்கிய பாரம். கீழே உன் பழைய ரேகை, சுழி சுழியாக, அத்தனை தெளிவாக. அதற்குப் பக்கத்தில், ஜாமீன்தாரர் என்ற இடத்தில், பென்சிலால் என் பெயர் எழுதியிருக்கிறது. பெயருக்குக் கீழே அடைப்புக்குள் 'தபால் ஊழியர் போடலாம்' என்று அந்த ஆபீஸ் குமாஸ்தா குறித்திருக்கிறார்.

அன்றைக்கு உன் இடுப்பில் இருந்தது இதுதானா அக்கா? நான் ரூல் என்று சொன்னபோது இதன்மேல்தான் கையை வைத்துக்கொண்டு நின்றாயா? படித்துக் காட்டாமல் குமாஸ்தா உன்னிடம் ரேகை வாங்கியிருக்க மாட்டார்; உனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் எட்டு வருடம் உப்புத் தடவினாய், பத்தரம் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டாய், ஊரெல்லாம் என் சொல்லை நம்பச் சொன்னாய், வெள்ளிக்கிழமை மீன் வைத்தாய். ஒரு தடவை என்னைச் செருப்பால் அடித்திருக்கலாமே. அதைத் தாங்கியிருப்பேன்.

அறைக்குள் வந்த என் பெண்டாட்டி, ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். அவள் கையில் அந்த வளையல் இருந்தது. ஜாமீன் பாரத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

பென்சில் எழுத்து மங்கலாகத்தான் இருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. அதன்மேல் இப்போது என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். சொத்து விவரக் கட்டத்தில் வளையல் ஒரு ஜோடி, பத்திரம் இல்லை என்று எழுதினேன். காகிதம் பழசு, மை கொஞ்சம் பரவிவிட்டது. இந்தக் காகிதத்தை எந்த ஆபீசும் வாங்காது, எனக்குத் தெரியும். மறுபடி நாலாக மடித்து உன் பையிலேயே வைத்து, நீ போட்ட மாதிரியே முடிச்சுப் போட்டிருக்கிறேன். நான் போகும்போது இதை என்னோடு வைக்கச் சொல்லப்போகிறேன். மாமா அங்கே முதலில் தன் காலைப் பற்றித்தான் கேட்பார் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை உண்மையைச் சொல்வேன்.

உன் தபாலு